லோரிக்கு இண்டர்கூலர் வாங்குவது எப்படி: முதல் லோரிக்காரர்களுக்கு

பிறையிலிருந்து ஈப்போவுக்கு லோட்டு ஏற்றிப் போகிறீர்கள். சங்காட் ஜெரிங் தாண்டி புக்கிட் பெராப்பிட் ஏற்றம் தொடங்கியதும் லோரி திணறுகிறது. போன மாதம் வரை அலட்டிக்கொள்ளாமல் ஏறிய இடம். பக்கக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை, அதற்குள் மாட்டிக்கொண்ட கார்க்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே முந்திப் போகிறார். ஊர் திரும்பி மெக்கானிக் போமெனிடம் காட்டினால், முன் கிரில்லைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இண்டர்கூலர் போச்சு, புதுசு போடணும்” என்கிறார். முதல் லோரி, பேங்க் தவணை வேறு ஓடுகிறது, எதை வாங்குவது, எங்கே வாங்குவது, யார் சொல்வதை நம்புவது என்று ஒன்றும் புரியாது. அந்த நிலையில் நிற்பவருக்குத்தான் இதை எழுதுகிறேன். பதினெட்டு வருடமாக லோரி ஓட்டியும் வைத்தும் பிழைக்கிறேன், இண்டர்கூலரை இரண்டு முறை தப்பாக வாங்கியிருக்கிறேன், ஆகவே இதை எழுதும் தகுதி எனக்கு உண்டு.

கேட்லாக்கில் இதன் பெயர் சார்ஜ் ஏர் கூலர். பிறையில் எந்தக் கடையில் கேட்டாலும் இண்டர்கூலர் என்றால்தான் தெரியும். இரண்டும் ஒன்றுதான்.

வேலை என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சைக்கிளுக்குக் கைப்பம்பில் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடும் அல்லவா, அதேதான் இங்கும், ஆனால் லோடு ஏறும்போது சூடு 180 டிகிரி, அதற்கு மேலும் போகும். சூடான காற்று விரிந்து கிடப்பதால் அதில் ஆக்சிஜன் குறைவு. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற இந்த அலுமினியப் பலகை வழியாகப் போய்வந்தால் அதே காற்று 50, 55 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரே அழுத்தத்தில் 180 டிகிரிக் காற்றைவிட 50 டிகிரிக் காற்று கிட்டத்தட்ட 1.4 மடங்கு அடர்த்தி. ஏற்றத்தில் உங்கள் வலது காலுக்குத் தெரிவது அந்த வித்தியாசம்தான். காற்று பாதியில் கசிந்தால் டீசல் சரியாக எரியாது, எரியாத டீசல் கரும்புகையாகப் போகும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய பிறகு, அந்தப் புகையைப் பார்த்தால் எனக்குக் காசு எரிவது மாதிரியேதான் தெரிகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டிப் பரிசோதனைக்குப் புஸ்பகோம் போகும்போது புகைச் சோதனையில் நிற்க வேண்டிய கதை தனி.

வாங்கும் முன்: பழசு ஏன் செத்தது?

என்னுடைய முதல் லோரி பத்துச் சக்கர டிப்பர். இண்டர்கூலர் வெடித்தது, புதுசு போட்டேன். எட்டு மாதத்தில் மறுபடி வெடித்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கோபத்தோடு பிறையில் ஒரு ரேடியேட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கடை அண்ணனுக்கு அப்போதே அறுபது வயது இருக்கும். கூலரில் காற்று வந்துபோகும் இரண்டு வாயையும் அடைத்து, காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீரைப் பழைய வண்ணத் தூரிகையால் மெதுவாகத் தடவினார். கீழ் இடது மூலையில், பக்க டேங்கும், மெல்லிய தகடுகளான ஃபின் நிறைந்த நடுப்பகுதியான கோரும் சேரும் வெல்டிங் ஓரத்தில், புளித்த தோசை மாவு மாதிரி நுரை பொங்கியது. “இதுக்கு முன்னாடி போனது எங்கே வெடிச்சது தம்பி?” என்றார். யோசித்துப் பார்த்தேன், அதே மூலை. அவர் கூலரை விட்டுவிட்டு எழுந்து லோரியிடம் வந்து, குனிந்து, கீழ்த் தாங்கியில் கையை விட்டு ஆட்டிக் காட்டினார். ரப்பர் புஷ் தேய்ந்து காணாமலே போயிருந்தது. இரும்பு இரும்போடு மோதி, சேசிஸ் முறுக்குகிற முறுக்கெல்லாம் அந்த ஒரு மூலைக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. சில வெள்ளி ரப்பர் இரண்டு இண்டர்கூலரைத் தின்றுவிட்டது. கடைக்காரன் மேல் தப்பே இல்லை.

ஆகவே உங்கள் பழைய கூலரைக் கழற்றியதும் அதைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். புதுசு மாட்டி, ஓட்டிப் பார்த்து, திருப்தியான பிறகு கொடுக்கலாம். அதுவரை அதுதான் உங்களுக்குச் சாட்சி, அதுதான் அளவுகோல்.

முதலில் கூலர்தான் கெட்டதா என்று பாருங்கள், ஏனென்றால் நான் பார்த்தவரை “இண்டர்கூலர் போச்சு” என்று வந்த வண்டிகளில் நிறைய, கூலருக்குக் காற்று கொண்டுபோகிற ஹோஸ் கிழிந்தவை. சிலிக்கோன் ஹோஸில் கத்திக் கீறல் மாதிரி ஒரு பிளவு இருக்கும், வண்டி நிற்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும், பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், ஏறினால் மட்டும் திறக்கும். கையால் மடக்கிப் பார்த்தால்தான் தெரியும். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெயும் கரியும் சேர்ந்து கறுப்பாக விசிறியடித்த மாதிரி தடம் இருந்தால் காற்று அங்கேதான் போகிறது. இதையெல்லாம் கூலரைக் கழற்றும் முன்பே பார்த்துவிடலாம், காசு செலவில்லை.

அப்புறம் அழுத்தச் சோதனை. இரண்டு வாயையும் அடைப்பு போட்டு மூடி, ஒரு பக்கம் ரெகுலேட்டரும் கேஜும் வைத்து 30 பிஎஸ்ஐ ஏற்றி, வால்வை மூடிவிட்டு 15 விநாடி கேஜைப் பார்க்க வேண்டும். இங்கே புதியவர்களுக்குத் தெரியாத ஒன்று: இது ரேடியேட்டர் மாதிரி ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாத சாமான் அல்ல. 15 விநாடியில் 5 பிஎஸ்ஐ வரை இறங்கினால் பரவாயில்லை என்று பல எஞ்சின் கையேடுகளில் இருக்கும், சிலவற்றில் 7 வரை விடுவார்கள். உங்கள் எஞ்சின் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் கணக்கு. தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஓரத்தில் இரண்டு குமிழி வந்ததும் “பார்த்தீங்களா பாஸ்” என்று காட்டிப் புதுசை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. குமிழியைப் பார்க்காதீர்கள், கேஜைக் காட்டச் சொல்லுங்கள்.

நீங்களே செய்வதானால் ஒரு எச்சரிக்கை. அடைப்புகளைச் சங்கிலி போட்டுக் கட்டாமல் காற்று ஏற்றாதீர்கள், வாய்க்கு நேராக நிற்காதீர்கள். 30 பிஎஸ்ஐ கேட்க அற்பமாக இருக்கும், நாலு அங்குல வாயில் அது ஏறக்குறைய 170 கிலோ தள்ளு. அடைப்பு பிய்த்துக்கொண்டால் எதிரே இருப்பவர் முகம் போய்விடும்.

சரி, கூலர்தான் கெட்டது என்று உறுதியாகிவிட்டது. எங்கே கெட்டிருக்கிறது என்பது அடுத்து நீங்கள் வாங்கப்போவதை முடிவு செய்யும். குழாயும் பக்கத் தகடும் சேரும் இடத்தில் மெல்லிய விரிசல்கள் வரிசையாக இருந்தால் சூடேறிச் சூடாறிக் களைத்துப்போன கூலர், வயதாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரே மூலையில் என்றால் என் கதைதான், தாங்கியைப் பாருங்கள். முன்பக்கம் ஒரே இடத்தில் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால் ஏர்கான் கண்டென்சரோ ஏதாவது போல்ட்டோ உரசியிருக்கும். ஃபின் எல்லாம் வெள்ளையாகப் பொடிந்து கையோடு வந்தால் உப்புக் காற்றின் வேலை. பட்டர்வொர்த் துறைமுகத்திலேயே கிடக்கிற, கண்டெய்னர் இழுக்கும் பிரைம் மூவர்களில் இதைப் பார்க்கலாம்.

உள்ளே எண்ணெய் இருந்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். லேசான ஈரப்பசை எல்லா டர்போ வண்டியிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். சாய்த்தால் ஊற்றுகிற அளவுக்கு இருந்தால் டர்போ சீல் போயிருக்கிறது, டர்போவைச் சரிசெய்யாமல் புதுக் கூலர் மாட்டினால் அதுவும் நிரம்பும். தேங்கிய எண்ணெயை எஞ்சின் மொத்தமாக இழுத்துக்கொண்டால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் தானே வேகம் பிடித்து ஓடும், அதை ஒருமுறை நேரில் பார்த்தவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். டர்போவே உடைந்து தூள் உள்ளே போயிருந்தால் கழுவிப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழாய்க்குள்ளே இருக்கிற சின்னச் சின்ன மடிப்புகளில் உலோகத் தூள் மாட்டிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து எஞ்சினுக்குள் போகும்.

அளவெடுப்பது

கடைக்குப் போய் “ஹினோ 500 இண்டர்கூலர் வேணும்” என்றால் அவர் ஒன்றை எடுத்துப் போடுவார். அந்த ஒரே பெயரில் 5 லிட்டர் எஞ்சின் வண்டியும் உண்டு, ஏறக்குறைய 8 லிட்டர் எஞ்சின் வண்டியும் உண்டு. லோரியின் பதிவுப் பத்திரமான கிராண்டிலிருந்து சேசிஸ் எண், எஞ்சின் எண், தயாரித்த ஆண்டு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய கூலரின் பக்க டேங்கில் ஸ்டிக்கரோ அச்சிட்ட எண்ணோ இருக்கும், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் தெரியும். அந்தப் பாகத்தின் எண்தான் எல்லாவற்றிலும் நம்பகமானது. ஆனால் உங்களுக்கு முன் இருந்த முதலாளி வேறு வண்டிக் கூலரை வெட்டி ஒட்டி மாட்டியிருக்கவும் கூடும், பழைய லோரியில் இது சகஜம், ஆகவே எண் இருந்தாலும் டேப் எடுத்து அளந்துவிடுங்கள்.

கோர் என்பது ஃபின் இருக்கிற பகுதி மட்டும். அதன் உயரம், அகலம், தடிப்பு மூன்றும் மில்லிமீட்டரில். பிறகு டேங்கோடு சேர்த்து மொத்த அகலம். இரண்டு வாயின் வெளி விட்டம், இரண்டும் ஒரே அளவு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள், பல வண்டிகளில் உள்ளே வரும் வாயும் வெளியே போகும் வாயும் வேறு வேறு. வாய் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, அதன் விளிம்பில் ஹோஸ் கழன்றுவிடாமல் பிடிக்கும் புடைப்பு வளையம் இருக்கிறதா, சென்சர் திருகும் மரை இருக்கிறதா, தாங்கிகள் எங்கே, கண்டென்சர் மாட்டும் ஓட்டைகள் எங்கே. எல்லாவற்றையும் டேப் தெரிகிற மாதிரி வைத்துப் படம் எடுங்கள்.

இடது வலது விஷயத்தில்தான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். போனில் “வாய் டிரைவர் பக்கம்” என்று சொன்னேன். அவர் பார்த்தது ஐரோப்பியக் கேட்லாக், அங்கே டிரைவர் பக்கம் என்றால் இடது. ராத்திரி ஒன்பது மணிக்கு, மறுநாள் காலை லோட்டு காத்திருக்க, ஹோஸ் ஒரு முழம் எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து “சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கும்போது இடது கை பக்கம்” என்று முழு வாக்கியமாகச் சொல்கிறேன், சிரித்தால் சிரிக்கட்டும்.

எந்த வகை, எது நல்ல சாமான்

லோரிகளில் அதிகம் இருப்பது தட்டையான குழாயும் ஃபின்னும் வைத்து, இரண்டு பக்கமும் அலுமினிய டேங்கை வெல்டிங் செய்த வகை. சில ஐரோப்பிய வண்டிகளில் பக்க டேங்க் பிளாஸ்டிக், ரப்பர் கேஸ்கெட் வைத்துத் தகட்டை மடக்கிப் பிடித்திருப்பார்கள். நம் வெயிலில், நாள் முழுக்க மலையேறும் வண்டியில், அந்த கேஸ்கெட் இறுகிக் கசிய ஆரம்பிக்கும், ஆகவே அதே அளவில் முழு அலுமினியம் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். மூன்றாவது, பாரும் தகடும் அடுக்கிச் செய்த கனமான வகை. உறுதியில் இதை மிஞ்ச முடியாது, குவாரி லோரிக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடுகிற லோரிக்கும் பொருந்தும். ஆனால் எடை கூடுதல், பின்னால் இருக்கிற ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் கொஞ்சம் மறைக்கும்.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். தடிப்பான கோர் என்றால் நல்ல கோர் என்று நினைத்து, 50 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 64 மாட்டுவார்கள். காற்று முதலில் கூலர், அப்புறம்தான் ரேடியேட்டர். முன்னால் ஆள் தடித்தால் பின்னால் இருப்பவருக்கு மூச்சு முட்டும், எஞ்சின் சூடேறும், பிறகு ரேடியேட்டரை மாற்றச் சொல்வார்கள். ஃபின் நெருக்கமும் அப்படித்தான். பார்க்க அழகாக, பொடிப்பொடியாக நெருங்கி இருப்பது நெடுஞ்சாலை வண்டிக்குச் சரி. செம்மண் புழுதியும் லாலான் புல்லின் பூவும் பறக்கிற இடத்தில் ஓடும் வண்டிக்கு அது இரண்டு மாதத்தில் மண் சுவர். பழையதில் என்ன தடிப்போ, ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஃபின்னோ, அதை ஒட்டியே வாங்குங்கள்.

கடையில் புதுசைக் கையில் வாங்கியதும் பளபளப்பைப் பார்த்து மயங்காமல் மூன்று காரியம் செய்யுங்கள். போனில் டார்ச் போட்டு வாய்க்குள் விட்டு ஒரு வீடியோ எடுங்கள், தட்டைக் குழாய்களுக்குள்ளே அலையலையாக உள் ஃபின் தெரிய வேண்டும். மலிவுச் சாமானில் இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள், வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது, குழாய்க்குள் காற்று வழுக்கிக்கொண்டு சூடு ஆறாமலே போய்விடும். அடுத்தது எடை. சூட்கேஸ் தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு ஒன்று கொண்டுபோங்கள், ஒரே வகை, ஒரே அளவுள்ள இரண்டு கூலரில் ஒன்று இரண்டு கிலோ குறைந்தால் அந்த இரண்டு கிலோ அலுமினியத்தை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். மூன்றாவது வெல்டிங் கோடு: நாணயங்களைச் சாய்த்து அடுக்கிய மாதிரி ஒரே சீராக வர வேண்டும். மெழுகு உருகின மாதிரி கட்டிகட்டியாகவோ, சாணைபிடித்து வழித்து மறைத்தோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது

ஏஜெண்ட் கடையில் ஒரிஜினல் கேட்டால் விலை கசக்கும், சிலசமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் மாட்டும்போது ஒரு போல்ட்டும் தகராறு செய்யாது. புதிய லோரி, இன்னும் வாரண்டி ஓடுகிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம். வயதான லோரிக்கு வெளிக்கடைச் சாமான் போதும், மேலே சொன்ன மூன்று சோதனையும் தாண்டினால்.

பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கிற பொத்தோங் கடையில் கிடைக்கிற ஜப்பான் பழசைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்பார்கள். எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. இசுஸு, ஃபூசோ, யூடி மாதிரி ஜப்பான் வண்டிகளுக்கு அதே தாங்கி, அதே வாய், அங்கேயும் வலப்பக்க ஸ்டீயரிங் என்பதால் இடம் மாறும் தொல்லையும் இல்லை. ஆனால் அது எத்தனை வருடம் ஓடியது, எந்த டர்போ அதற்குள் எண்ணெய் கக்கியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டு எடுங்கள், மினுமினுவென்று தூள் ஒட்டியிருந்தால் வேண்டாம். காசு கொடுக்கும் முன் அங்கேயே அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை.

வெல்டிங் அடித்து ஓட்டலாமா? டேங்க் ஓரத்து வெல்டிங் மட்டும் விட்டிருந்தால் அலுமினியம் தெரிந்த ஆளிடம் கொடுத்து அடிக்கலாம், வருடக்கணக்கில் ஓடும். குழாய் சேரும் இடத்தில் விரிசல் என்றால் ஒன்றை அடைக்கும் சூட்டில் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். இரும்புப் பசை போட்டு அடைப்பது அன்றைக்கு லோட்டை இறக்கிவிட்டு வீடு திரும்ப மட்டும்.

ரசீதில் சாமான் எண்ணையும் “பொருந்தாவிட்டால் மாற்றித் தரப்படும்” என்பதையும் எழுதி வாங்குங்கள். ஹோஸ் மாட்டிய தடம் வாயில் விழுந்துவிட்டால் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது, ஆகவே மாட்டும் முன் பழசையும் புதுசையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து ஒப்பிடுங்கள்.

மாட்டும் நாள்

கூலர் வெளியே இருக்கும் இந்த ஒரு நாளில்தான் ரேடியேட்டரின் முகம் தெரியும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், பிரஷர் பம்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஃபின் எல்லாம் படுத்துவிடும். தாங்கி ரப்பர் எல்லாவற்றையும் புதுசு போடுங்கள், நன்றாக இருக்கிறது என்று போமென் சொன்னாலும். ஹோஸ் உள்ளேயும் கூலர் வாயிலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருக்கக் கூடாது, பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள். ஏறுவதற்குச் சுலபம் என்று கிரீஸ் தடவுகிறவரைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள், பூஸ்ட் ஏறியதும் ஹோஸ் துப்பாக்கி மாதிரி பிய்த்துக்கொள்ளும். கிளாம்ப் ஸ்பிரிங் வைத்த டி-போல்ட் வகையாக இருக்கட்டும், சூட்டில் ஹோஸ் விரிந்து சுருங்கினாலும் பிடி தளராது.

பிறகு காலியாக ஊரைச் சுற்றிப் பார்த்து “ஓகே” சொல்லாதீர்கள். லோட்டோடு அதே ஏற்றத்துக்குப் போங்கள். ஸ்கேனர் மாட்ட முடிகிற வண்டி என்றால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே 33 டிகிரி வெயில் என்றால், முழு லோடில் ஏறும்போது உள்ளே 53லிருந்து 58க்குள் நின்றால் கூலர் தன் வேலையைச் செய்கிறது. 75, 80 என்று ஏறிக்கொண்டே போனால் திருப்பிக்கொண்டு போய்க் கடையில் பேசுங்கள். ஸ்கேனர் வசதி இல்லாத பழைய லோரியில், ஏறி முடித்த உடனே ஓரம் கட்டி, கூலருக்குப் போகும் பைப்பையும் வெளியே வரும் பைப்பையும் சூடு காட்டும் லேசர் துப்பாக்கியால் பார்க்கலாம், துல்லியம் இருக்காது, ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும்.

கோலகங்சார் தாண்டி மெனோரா சுரங்கப்பாதை பக்கத்து ஏற்றமும் முடிந்ததும், முதல் ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு தே தாரிக் குடியுங்கள். எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் எழுந்து போய் எல்லாக் கிளாம்பையும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், ஒன்றாவது கால் சுற்று இறுகும்.